டிரேயை மூடினால் 1550இல் இழப்பு கூடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 48 ஃபைபர் (ஒளியிழை) இணைப்புப் பெட்டி ஒன்றை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். உள்ளே 12 ஃபைபர் பிடிக்கும் ஸ்பிளைஸ் டிரே (இழைகளை ஒட்டிய இணைப்புகளை வைக்கும் தட்டு) நான்கு, எல்லாம் கீல் வைத்தவை. மூன்றாவது டிரேயில் இரண்டு ஃபைபர் மட்டும் படுத்துகின்றன. 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் அளவு சரியாக இருக்கிறது, 1550இல் 0.4 டெசிபல் கூடுதல் இழப்பு. ஸ்பிளைஸ் கெட்டிருந்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் காட்டும். நீள அலையில் மட்டும் ஏறுவதால் எங்கோ வளைவு இறுகியிருக்கிறது. டிரேயைத் திறந்தால் இழப்பு குறைகிறது, மூடினால் திரும்ப வருகிறது. அதனால் கீல் பக்கம்தான் சந்தேகம்.

உள்ளே வரும் கேபிள் ஜி.652.டி (சாதாரண ரக ஃபைபர்), அதை 30 மி.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். பிக்டெயில்கள் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள குட்டை ஃபைபர்கள்) ஜி.657.ஏ1 என்ற வளைவு தாங்கும் ரகம், அவை 10 மி.மீ. வரை தாங்கும். இறுக்கமாக இருந்த நைலான் டைகளை வெட்டிவிட்டு வெல்க்ரோ போட்டேன், கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பக்கத்து ஃபைபர்களில் சேவை ஓடுகிறது, எல்லாவற்றையும் பிரித்துச் சுற்ற முடியாது.

ஃபைபர்களை உள்ளே வைத்துக் கீலைத் தாண்டும் டியூபுக்கு எவ்வளவு தளர்வு விடுகிறீர்கள்? டிரே திறந்திருக்கும்போது கட்டுவீர்களா, மூடிய நிலையிலா? அப்புறம், இந்த இரண்டு ரக ஃபைபரையும் ஒரே வளையத்தில் சுற்றலாமா, தனித்தனியாகவா? மறுபடி ஸ்பிளைஸ் செய்ய ஒரு மீட்டராவது மிச்சம் வைக்க விரும்புகிறேன். கையால் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.