வயசான சுண்டெலிக்கு எலும்பு இறங்குறது வயசாலயா, தீனியாலயா?

பல்லியல் மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். லேப்ல 3 மாச சுண்டெலி ஒரு குரூப், 20 மாசம் ஒரு குரூப். ஈறு நோயை வரவைக்கன்னு யாரும் கிருமி குடுக்கல, பல்லைச் சுத்தி நூலும் கட்டல, ஆனாலும் பெருசுங்களுக்கு கடைவாய்ப்பல்லைத் தாங்குற எலும்பு நல்லாவே கீழ இறங்கியிருக்கு. இதை ஈறு நோய்னு எழுதலாமா? பெருசுங்களுக்கு பவுடர் தீனி, சின்னதுங்களுக்கு பெல்லட் (கெட்டியான துண்டுத் தீனி), அதனால ரிசல்ட் மாறுமா?

மைக்ரோ சிடி அண்ணா:
பல்லுக்கும் எலும்புக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்துட்டு நோய்னு எழுதிடாதீங்கம்மா. மென்னு மென்னு கடைவாய்ப்பல் தேய தேய பல்லு மெதுவா மேல ஏறிட்டே வரும், அதனால எனாமல் முடியுற இடத்துக்கும் எலும்பு விளிம்புக்கும் உள்ள இடைவெளி ஆரோக்கியமான பிராணிக்கே வயசோட கூடும். திசுவை வெட்டிப் பாருங்க, நியூட்ரோஃபில் (அழற்சில வந்து சேர்ற வெள்ளை அணு) குவிஞ்சிருக்கா, ஆஸ்டியோகிளாஸ்ட் (எலும்பைக் கரைக்கிற செல்) இருக்கா, ஈறோட ஒட்டு வேர்ப்பக்கம் இறங்கியிருக்கான்னு.

அதுக்காக எல்லாமே தேய்மானம்னும் தள்ளிட முடியாது. நியூட்ரோஃபில் ஈறுக்குள்ள அளவுக்கு மீறி நுழையாம தடுக்குற டெல்-1ங்கிற புரதம் வயசான சுண்டெலில குறையுது, அழற்சியைத் தூண்டுற ஐஎல்-17 ஏறுது. டெல்-1 புரதமே இல்லாத சுண்டெலிக்கு தானாவே ஈறு நோய் வருதுன்னு 2012ல காட்டிட்டாங்க. 2020ல வந்த இன்னொரு ஆய்வுல வயசான சுண்டெலிக்கு 8 வாரம் தீனில ராபமைசின்ங்கிற மருந்தைக் கலந்து குடுத்தாங்க, ஈறு அழற்சி குறைஞ்சு எலும்பே திரும்ப வளர்ந்துச்சு. வெறும் தேய்மானம்னா ஒரு மருந்தால எலும்பு எப்படி திரும்பும்? எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச ஆதாரம்.

தீனி ஆராய்ச்சி:
அண்ணா சொன்னது சரி, ஆனா எனக்கு பெரிய கவலை அந்த பவுடர் தான். மெத்துனு இருக்குற தீனி பல்லுல ஒட்டி பிளாக் (கிருமிப் படலம்) சேரும், அது ஒண்ணு. இன்னொண்ணு, கடிச்சு மெல்லுற வேலை குறைஞ்சா தாடை எலும்பு தானாவே மெலிசாகும், அதுக்கு கிருமியே வேண்டாம். ரெண்டும் சேர்ந்து உங்க வயசு கணக்கைக் கெடுத்துடும். சர்க்கரை இருந்தா இன்னும் மோசம். 1964ல கீஸ், ஜோர்டன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஹாம்ஸ்டருக்கு (எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி) சர்க்கரை நிறைய உள்ள பவுடர் தீனி குடுத்து ஈறு நோயை வரவச்சாங்க, நோய் வர்ற ஹாம்ஸ்டர்கிட்ட இருந்து வராததுக்கு அது தொத்தவும் செஞ்சது, அதாவது தீனி மட்டும் இல்ல, கிருமியும் வேணும்.

பெல்லட்டும் முழுசா அப்பாவி இல்ல, முரட்டு நார், உடம்பு முடி, கூண்டுல போடுற மரத்தூள் எல்லாம் பல்லிடுக்குல குத்தி அங்கயே புண்ணாகும், நாள் ஆக ஆக இது கூடத்தான் செய்யும்.

பல்லியல் மாணவி:
அப்போ ரெண்டு வயசுக்கும் ரெண்டு தீனியும் குடுத்து நாலு குரூப்பா பண்ணணும், அப்படித்தானே? வைட்டமின் சி அளவையும் சரி பண்ணணுமா?

தீனி ஆராய்ச்சி:
ஆமாங்க, நாலு குரூப்தான். பவுடரை வேற கம்பெனில வாங்காம அதே பெல்லட்டை அரைச்சுக் குடுங்க, சத்து மாறாது. வைட்டமின் சி-யை விடுங்க, சுண்டெலி உடம்பே செஞ்சுக்கும், கினிப்பன்றிக்குத்தான் அந்தக் கவலை. வெட்டின திசுல முடி சிக்கியிருந்தா அந்தப் பல்லைத் தனியா குறிச்சு வைங்க.