தாய்மாமன் திருமணம் உள்ள குடும்பத்தின் வம்சாவளி வரைபடம்: எந்த மென்பொருள் பொருந்தும்?

கேள்வி – ஆய்வு மாணவி

வணக்கம். பிறவியிலேயே காது கேளாமை தொடரும் ஒரு குடும்பத்தை ஆய்வு செய்து வருகிறேன். 4 தலைமுறைகளில் 34 பேர் உள்ளனர். அக்கா மகளைத் தாய்மாமன் மணந்துள்ளார். அவர்களுடைய மகள் அத்தை மகனை மணந்துள்ளார். தாளில் வரைந்தபோது இடர்ப்பாடு இல்லை. ஆனால் ஆர் (R) நிரல்மொழியில் வம்சாவளி வரையப் பயன்படும் கின்ஷிப்2 (kinship2) தொகுப்பில் வரைந்தால், அந்தத் தாய்மாமன் இரண்டு இடங்களில் தோன்றுகிறார். தரவில் பிழை செய்துவிட்டேனா, அல்லது வேறு மென்பொருளுக்கு மாற வேண்டுமா?

பதில் 1 – மூத்த ஆய்வாளர்

தாங்கள் கண்டது பிழையன்று. கணவனையும் மனைவியையும் ஒரே கிடைவரிசையில் நிறுத்துவது அந்தத் தொகுப்பின் வழக்கம். தாய்மாமனோ பிறப்பால் அக்காவின் வரிசைக்கும், மணத்தால் அக்கா மகளின் வரிசைக்கும் உரியவர் ஆகையால், அவரைத் தம்பியாக ஒருமுறையும் கணவராக ஒருமுறையும் வரைந்து, இரண்டும் ஒருவரே என்பதை உணர்த்த, இடைவெளி விட்டு வரைந்த வளைகோட்டால் அது இணைத்துக் காட்டுகிறது. படக்குறிப்பில் இதை ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும்.

எனினும் படம் சரியாக இருப்பதால் மட்டும் தரவு சரி என்று நம்பிவிட வேண்டாம். அதே தொகுப்பில் உறவுக்கெழுவை (kinship coefficient), அதாவது இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் ஒவ்வொரு பிரதியைத் தற்செயலாக எடுத்தால் அவை இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும் நிகழ்தகவை, கணக்கிட்டுப் பாருங்கள். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் இடையே அது 1/8, அதாவது 0.125, என வர வேண்டும். சுழியம் வந்தால், அக்காவுக்கும் தம்பிக்கும் பெற்றோரின் அடையாள எண்கள் வெவ்வேறாகப் பதிவாகியிருக்கலாம். 0.125ஐ விட மிகுந்து வந்தால், முந்தைய தலைமுறையிலும் உறவுமுறைத் திருமணம் பதிவாகியிருக்கும். ஒடுங்கு பண்பாக, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுவதாக, கடத்தப்படும் காது கேளாமையில் இந்த எண்தான் நம் வாதத்தின் அடித்தளம். படம் அதற்குத் துணை மட்டுமே.

மேலும், ஒருவருக்குத் தந்தையின் எண்ணை மட்டும் கொடுத்துத் தாயை வெற்றிடமாக விட்டால் கின்ஷிப்2 ஏற்காது. இருவரையும் குறிப்பிட வேண்டும், அல்லது இருவரையும் விட்டுவிட வேண்டும். தாயின் விவரம் தெரியாத இடத்தில் பெயரற்ற ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வதே வழக்கம்.

பதில் 2 – மரபியல் ஆலோசகர்

நிரல் எழுத விரும்பாதவர்கள் உலாவியிலேயே இயங்கும் குவிக்பெட்டைப் பயன்படுத்தலாம். சொடுக்கிச் சொடுக்கி உறுப்பினர்களைச் சேர்த்தபின், உறவுக்கெழுவையும் அதுவே கணக்கிட்டுத் தரும், கோப்பாகவும் சேமிக்கலாம். மரபணுக் குறிப்பான்களின் ஹாப்லோவகைகளை (ஒரே நிறப்புரியில் சேர்ந்து கடத்தப்படும் குறிப்பான் வடிவங்களின் தொகுதிகளை) ஒவ்வொருவரின் குறியீட்டுக்குக் கீழும் காட்ட வேண்டுமெனில் ஹாப்லோபெயின்டர் பொருத்தமானது.

எந்த இணையச் செயலியிலும் குடும்பத்தாரின் பெயர்களை உள்ளிடாதீர்கள். எண்களை மட்டும் இடுங்கள். எந்த எண் யாருக்குரியது என்ற பட்டியல் தங்கள் ஆய்வகத்திலேயே பூட்டி வைக்கப்பட வேண்டும். ஊரில் அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் வரைபடத்தின் அமைப்பைக் கொண்டே அடையாளம் கண்டுவிடக்கூடும் என்பதால், வெளியிடும் படத்தில் ஆய்வுக்குத் தேவையற்ற கிளைகளை நீக்கிவிடுவதும் நன்று.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கணக்கிட்டுப் பார்த்தேன், சுழியமே வந்தது. அக்காவின் தந்தை, தாய் இருவருக்குமே நான் இரண்டிரண்டு எண்கள் கொடுத்திருந்தேன். திருத்தியபின் 0.125 கிடைத்தது.