நாய்ப் பல்: பிளேக், டார்ட்டார் இரண்டுக்கும் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

பல்லடத்தில் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர், நாய் வளர்ப்பவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை கேட்டார். அதற்காகத்தான் பிளேக், டார்ட்டார் இரண்டுக்கும் இங்கே சொல் கேட்டிருந்தேன். வந்த மடல்களுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

> பிளேக் என்றே விட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் அண்ணா, ஆனால் வேறு மாதிரி. எலியால் பரவும் கொள்ளைநோய்க்கும் அதே பெயர்தான், கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றைக்கும் இருக்கின்றன. "உங்க நாய்க்குப் பிளேக் இருக்குதுங்க" என்றால் பெரியவர்கள் வீட்டில் எலி செத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். பல்லைத் துடைத்த சில மணி நேரத்திலேயே அதன்மேல் நுண்ணுயிர்கள் வழவழவென்று படியத் தொடங்கும், அது பிளேக். துணியால் தேய்த்தாலே வந்துவிடும். இரண்டு மூன்று நாள் விட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகிவிடும், அது டார்ட்டார். அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் மசியாது. நாயின் எச்சிலில் நம்முடையதைவிடக் காரத்தன்மை அதிகம். அதனால் நாய்க்குச் சொத்தை குறைவு, இந்தப் படிவு ஜாஸ்தி. முதலாவதை எடுப்பது வீட்டுக்காரர் வேலை, இரண்டாவதை எடுப்பது மருத்துவர் வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அறிக்கை அச்சடித்தும் பயனில்லை.

"பற்கறை" வேண்டாம். கறை என்றதும் வெளுத்தால் போதும் என்று தோன்றிவிடும். இது அழகுச் சமாசாரம் இல்லை. ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரைந்து, பல் ஆடி விழும் விஷயம். ஈறு சிவந்து வீங்கிய மட்டில் கவனித்தால் திரும்பிவிடும், எலும்பு கரைந்தால் திரும்பாது.

"பல்லுப்பு" சொன்ன ஈரோட்டு அக்கா, போர்த் தண்ணியால் கெய்சருக்குள் உப்புப் பிடிப்பதை உவமை காட்டியிருந்தார். நல்ல உவமைதான். ஆனால் அந்தப் பெயரை வைத்தால் நாளைக்கே நாய்க்கு கேன் தண்ணி வாங்கி வைப்பார்கள், பல்லை மட்டும் தேய்க்க மாட்டார்கள். சுண்ணாம்பு வருவது எச்சிலிலிருந்துங்க.

"பற்கல்" எனக்கு ரொம்பப் பிடித்தது. பித்தக்கல், சிறுநீரகக்கல் வரிசையில் ஜோராக உட்காருகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் வம்பு: "உங்க நாயோட பற்கல்லை எடுக்கணுங்க." கேட்பவர் காதில் "பற்களை எடுக்கணுங்க" என்று விழும். நாயைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே ஓடிவிடுவார்.

என் முன்மொழிவு: மெத்தென்று படிவது ஊத்தை, கெட்டியானது காரை. பற்காரை என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே கொஞ்சம் உண்டு. வினைச்சொல்லும் கூடவே வந்துவிடுகிறது பாருங்கள்: ஊத்தையைத் துடைக்கலாம், காரையைப் பெயர்க்க வேண்டும். அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"மேலுதட்டைத் தூக்கிப் பின்பக்கத்துப் பெரிய பல்லைப் பாருங்கள். எச்சில் சுரப்பியின் வாய் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் காரை அங்கேதான் அதிகம் பிடிக்கும். ஈறோரமாக மஞ்சளும் பழுப்புமாக ஓடு போலத் தெரிந்தால் அது காரை. நகத்தாலோ கத்தியாலோ சுரண்டாதீர்கள். ஈறுக்கு அடியில் இருப்பதையும் எடுக்க வேண்டும் என்பதால், மருத்துவர் மயக்கம் கொடுத்துத்தான் பெயர்ப்பார். ஊத்தையைத் தினமும் துடையுங்கள். பல்லின் வெளிப்பக்கம் முக்கியம். முதலில் விரலில் ஈரத் துணி சுற்றிப் பழக்கி, பிறகு மெல்லிய பிரஷ்ஷுக்கு மாறலாம். நாம் தேய்க்கும் பேஸ்ட் கூடாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் கலந்த பேஸ்ட் நாயின் உயிருக்கே ஆபத்து."

வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்க்கிறோம் என்பவர்களுக்கு, புதன்கிழமையே அது காரையாகியிருக்கும் என்று ஒரு வரி சேர்க்கப்போகிறேன்.

பல்லடத்துக்காரன்

---

தம்பி, வணக்கம்.

காரை சரி. ஊத்தை எனக்கு ஒப்பவில்லை. எங்கள் கோபிப் பக்கம் ஊத்தவாயன் என்றால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். "படலம்" என்று வையுங்கள், அறிவியலுக்கும் அதுதான் பொருத்தம். இன்னொன்று: எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று ஊரே நம்புகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே?

---

ஐயா, வணக்கம்.

எலும்பை விட்டது பெரிய குறைதான், சேர்த்துவிட்டேன். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கெட்டி எலும்பைக் கடித்தால், நான் மேலே சொன்ன அதே பெரிய பல் பாளமாகப் பிளந்துகொள்ளும்.

படலம் பொதுப்பெயர் ஐயா. கண்ணிலும் படலம், பாலிலும் படலம். விளக்கத்தில் "ஊத்தை என்பது நுண்ணுயிர்ப் படலம்" என்று எழுதினால் இரண்டுமே தத்தம் இடத்தில் இருக்கும். வசை என்பதும் நமக்கு வசதிதான். "பல்லில் படலம் இருக்கிறது" என்றால் சரி சரி என்று போய்விடுவார்கள். "ஊத்தை" என்றால் அன்றைக்கே துடைப்பார்கள்.

அந்தப் பெரிய பல்லுக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. மேல்தாடையில் நான்காவது முன்கடைவாய்ப்பல், கறியைக் கத்தரி மாதிரி வெட்டுவது. ஊரில் எல்லாமே கடவாப்பல்லுதான். "வெட்டுக் கடைவாய்" என்று போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.