பயிற்சிக்குள் வரும் பயிற்சிக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையங்களின் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘டிரெயினிங்’, ‘பிராக்டிஸ்’, ‘எக்சர்சைஸ்’ மூன்றுக்கும் பயிற்சி என்றே எழுதிவிட்டேன். ‘லேர்னிங் ஆக்டிவிட்டி’ வந்ததும் கை நின்றுவிட்டது. கையேட்டில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். அராவி முடித்த ஜாப்பை, அதாவது வேலைத்துண்டை, மாணவர் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்; வாங்கியவர் அதில் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளிக்கீற்று எங்கே கசிகிறது, அரம் எப்படிச் சாய்ந்ததால் அது வந்தது என்று செய்தவருக்கே விளக்க வேண்டும்; அதுவரை பயிற்றுநர் வாய் திறக்கக் கூடாது. இதையும் பயிற்சி என்றால் அராவும் பயிற்சியோடு கலந்துவிடும். ‘கற்றல் செயல்பாடு’ என்று எழுதலாமா?

—

ஐயா, முதலில் அது செயற்பாடு; இலங்கையில் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதைவிடப் ‘பயில்வினை’ என்ற வினைத்தொகை பொருந்தும் என்பது என் கருத்து. பயில்தல் என்பதற்கு நெருங்குதல், அடிக்கடி நிகழ்தல் என்ற பழம்பொருளும் உண்டு. கை பழகுவதும் அப்படித்தானே! நன்னூல் பாயிரத்தைப் பாருங்கள். ஆசான் உரைத்ததை நன்றாகக் கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் வாய்க்கும். ‘அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்’, அதாவது உடன் கற்பவரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப்பங்கு பிறர்க்கு உரைப்பதால் வருகிறது. உங்கள் மூலைமட்டச் சோதனையில் உடன்பயில்வதும் உரைப்பதும் இரண்டுமே இருக்கின்றன. பயில், வினை என்ற இரு சொற்களும் அந்த ஓர் அடியிலேயே கிடக்க, நாம் ஏன் வெளியே தேட வேண்டும்?

—

அன்புள்ள ஐயா, நன்னூல் விளக்கம் என்னைக் கட்டிப்போட்டது. ஆனாலும் பட்டறையில் நின்று பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் மறுக்கிறேன். பயில்வினை என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளின் நினைவுக்கு முதலில் வருவது செய்வினையும் தீவினையுமாகத்தான் இருக்கும். செயல்வழிக் கற்றல் 2007இல் தமிழ்நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ‘செயல்பாடு’ அன்றிலிருந்து வகுப்பறைச் சொல்லாகவே ஆகிவிட்டது. விளக்கம் கேட்காமலே புரிகிற சொல்லைக் கைவிடலாகாது.

—

இருவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய மூவரும் செயல்பாட்டையே ஆதரித்ததால் ‘கற்றல் செயல்பாடு’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். நன்னூல் அடிகளை முன்னுரையில் சேர்த்துவிட்டேன்.

—

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஒரு கலைச்சொல் தனியே நின்றால் போதாது, அதிலிருந்து அடுத்தடுத்த சொற்கள் பிறக்க வேண்டும். ‘குழுக் கற்றல் செயல்பாட்டு வடிவமைப்புப் படிவம்’ என்று அடுத்த அதிகாரத்தில் எழுத நேரும்போது, ‘குழுப் பயில்வினைப் படிவம்’ என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.