60 சதவீதம் தள்ளுபடியாம், எதுல இருந்து?

பாம்பன்வாசி:
நெட்வொர்க் பொட்டி விக்குற வைகைக்கரை நேத்து இங்க எழுதுனதப் படிச்சதுல இருந்து வயிறு எரியுது. "ஸ்விட்ச் விலையெல்லாம் வெளிப்படையாத்தான் இருக்கு, லிஸ்ட் பிரைஸ்ல (கம்பெனி பட்டியல் விலையில) 60 சதவீதம் தள்ளிக் குடுக்குறோம், வாங்குறவங்களுக்குத்தான் கணக்குத் தெரியல"ங்குறாக. ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுக்கு 24 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (ஒரே கேபிள்ல டேட்டாவும் கரண்டும் அனுப்புற நெட்வொர்க் பொட்டி) கேட்டேன். லிஸ்ட் 4,20,000, தள்ளுபடி போக 1,68,000ன்னு கொட்டேஷன் வந்துச்சு, ஓனர்கிட்ட காட்டி சரின்னும் வாங்கிட்டேன். பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போடப்போற அன்னைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, மூணு வருச லைசென்ஸ் 74,000 தனிங்குறாக. நான் ஓனர் முன்னாடி தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அந்த 4,20,000 குடுத்து எவனாச்சும் வாங்கிருக்கானா? ஒருத்தனக் காட்டுங்க.

வைகைக்கரை:
தம்பி, 60ன்னா 60தான். கொட்டேஷன் அடியில "வரி, லைசென்ஸ் தனி"ன்னு போட்டிருக்கும், நீங்க படிக்கலன்னா நான் என்ன பண்ண. இருபது வருசமா இதே தொழில்ல இருக்கேன். டாலர் ஏறி இறங்குது, ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் வென்டர், அதான் பொட்டி செய்யுற கம்பெனி, ஸ்பெஷல் ரேட்டு தனியா அனுப்புறான், அத ஊருக்கெல்லாம் போர்டுல எழுதித் தொங்கவிட முடியுமா?

கீழக்கரையான்:
லிஸ்ட் பிரைஸ்னா என்ன, அதுக்குள்ள என்னென்ன அடக்கம்னு மொதல்ல பேசிக்கிட்டா பாதிச் சண்டை தீந்துரும்.

பாம்பன்வாசி:
அது கெடக்கட்டும் காக்கா. 4,20,000க்கு வாங்குன ஒருத்தன் எங்க? இன்னொன்னும் கேளுங்க. அதே மாடல வேற ஒருத்தர்கிட்ட கேட்டேன், காலையில சரின்னவரு சாயங்காலம் ஃபோன் போட்டு "உங்க லாட்ஜ் பேர்ல ஏற்கனவே ஒருத்தர் டீல் ரிஜிஸ்டர் பண்ணிட்டாரு, இந்தக் கஸ்டமர் எனக்குன்னு கம்பெனில பதிஞ்சுட்டாரு, எனக்கு அந்த ரேட்டு கெடைக்காது"ங்குறாரு. எங்க ஓனர் பேர எழுதிக்குடுக்க எவன் சொன்னான்? பாம்பன் தெற்குவாடியில சீலா மீனக் கூட மணல்ல போட்டு எல்லாருக்கும் கேக்குறாப்ல ஏலம் விடுறோம், அந்த மானம் இந்தப் பொட்டி விக்குறவங்ககிட்ட இல்ல.

ஓலைக்குடா:
அண்ணே ஏலத்த இழுக்காதீக. முன்பணம் வாங்குன போட்டுக்காரன் மீனுக்கு ஏது ஏலம்? கமிஷன்காரன் சொல்றதுதான் ரேட்டு. எங்க அப்பா கதை எனக்குத் தெரியும்.

பாம்பன்வாசி:
முன்பணம் வாங்குனா அவருக்குத் தெரிஞ்சுதான வாங்குறாரு. எங்களுக்குத் தெரியாம எங்க ஓனர் பேர எழுதிவெக்குறதும் அதுவும் ஒண்ணா?

ஓலைக்குடா:
தெரிஞ்சு வாங்குறாரா? வீட்டுல அடுப்பு எரியாதப்ப வாங்குறது தெரிஞ்சு வாங்குறதா? பேசாதீக.

கீழக்கரையான்:
இதே மாதிரி நெட்வொர்க் பொட்டி செய்யுற மைக்ரோடிக், யூபிக்விட்டிக்காரங்க விலைய டாலர்ல சைட்லயே போட்டிருக்காங்களே, அவங்களால முடியும்னா மத்தவங்களால ஏன் முடியாது?

வைகைக்கரை:
அந்தப் பொட்டிய உங்க உப்புக்காத்துல ஒரு வருசம் ஓட்டிட்டு வந்து பேசுங்க.

பாம்பன்வாசி:
உப்புக்காத்தப் பத்தி நீங்க பேசுறீகளா? போன ஐப்பசியில உங்க ஆளு மண்டபத்துல கேபிள் முனையில அடிச்ச ஆர்ஜே45 தலையக் கழட்டிப் பாத்தேன், எட்டுப் பின்னும் பச்சை பூத்துக் கெடக்கு. வெளிய போடுறதுக்கு ஜெல் வெச்ச கேபிள்னு பில்லு, உள்ள சாதாக் கேபிள். அந்தக் கொட்டேஷன்லயும் "ஆக்சஸரீஸ் 1 செட்"னு ஒரே வரி, எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்டுற மாட்யூல்) எத்தன, பேட்ச் கார்டு (சின்ன இணைப்புக் கேபிள்) எத்தன, ஒண்ணுக்கு என்ன விலை, எதுவும் இல்ல. வரிவரியாப் பிரிச்சுக் குடுங்கன்னு மூணு தடவ கேட்டேன், மூணு தடவயும் "நம்பிக்கை இல்லையா சார்"னு கேட்டாக.

வைகைக்கரை:
எங்க பசங்களப் பத்திப் பேச உங்களுக்கு யோக்கியதை கெடையாது, பேமென்ட் நாலு மாசம் இழுத்தது யாரு?

பாம்பன்வாசி:
இழுத்தது லாட்ஜு, நான் இல்ல. பேச்ச மாத்தாதீக. 4,20,000 ரூவா பில்லு, ஒண்ணே ஒண்ணு. பேர மறைச்சுட்டுக்கூடப் போடுங்க.

வைகைக்கரை:
கஸ்டமர் பில்ல வெளிய காட்ட மாட்டேன். 60 குடுத்தோம், குடுத்ததுதான்.

பாம்பன்வாசி:
எதுல இருந்து 60?