பாலாற்றுக் கிணறுகளை ஆய்வு செய்கிறேன்: எந்தத் துறைக்குள் நிற்பது?

ஆம்பூர்க்காரி:
பி.எஸ்சி. வேதியியல் முடித்து, சுற்றுச்சூழல் முதுகலையில் கடைசி வருடம். ஆய்வுக்கு எடுத்தது எங்கள் ஊர்க் கிணறுகளும் தோல் ஷாப்புகளும் (தோல் பதனிடும் ஆலைகளை இங்கே அப்படித்தான் சொல்வோம்).

ஆரம்பத்தில் எனக்கு எல்லாமே தோல் பதனிடப் போடும் குரோமியம்தான். தண்ணீரில் இருப்பது அதன் எந்த வடிவம், குரோமியம் மூன்றா, ஆறா? ஆறு என்றால் நஞ்சு, அவ்வளவுதான் கேள்வி. பொங்கல் லீவில் ஆயா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்துள்ள உப்புகளை அளப்பது) வைத்தேன். லிட்டருக்கு 3,400 மில்லிகிராம். குடிநீருக்கு 500 இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை போகலாம். ஆயா மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமே" என்றாள். இதை எந்த அட்டவணையில் ஏற்றுவது?

அப்புறம் வரலாறு படித்தேன். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோலைப் பதனிட்டார்கள். 1970களில் பச்சைத்தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு போவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலாக அனுப்பு என்றதும், ஒரே நாளில் வேலை முடிகிற குரோமியப் பதனிடல் பரவிவிட்டது. ஆக, என் சோதனைக்குழாயில் இருப்பது ஒரு ஏற்றுமதிக் கொள்கை!

வேதியியல் ஆசிரியர், "அதெல்லாம் முன்னுரையில் ஒரு பத்தி போதும்" என்கிறார். பொருளாதார ஆசிரியர் என் அளவீடுகளைப் பின்னிணைப்புக்குத் தள்ளச் சொல்கிறார். நான் எதைப் பிடித்துக்கொள்வது?

வறட்டுவாதி:
எல்லாத்தையும் தொட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எல்லாரும் அடிப்பார்கள். ஒரு துறையோடு நில்லுங்கள். அனுபவம்.

கழிவுநீர்க்காரன்:
தங்கச்சி, 11 வருடம் தோல் ஷாப்புகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தவன் சொல்கிறேன். குரோமியத்தை விடு. சுண்ணாம்பைப் போட்டால் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். உப்புதான் எதற்கும் மசியாது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு உப்பு போடுவார்கள். ஊறவைக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீருக்கு வந்துவிடும். ஆர்.ஓ. வைத்து, மிச்சத்தைக் காய்ச்சினால் கடைசியில் மூட்டை மூட்டையாக அழுக்கு உப்பு. வாங்க ஆளில்லை, கொட்டவும் இடமில்லை. துறையைத் தேடாதே, உப்பு போகிற வழியே போ. ஆடு அறுக்கிற இடத்திலிருந்து உங்கள் ஆயா பருப்புச் சட்டி வரைக்கும் அது போகும்.

சட்டம்_மூன்றாமாண்டு:
ஆயா சொன்னதை எங்கே எழுதுவது என்று கேட்டீர்களே. வேலூர் தோல் ஷாப்புகள் மீது 1991இல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாகச் சொன்ன தீர்ப்பு. வகுப்பில் அந்த ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். உள்ளே போனால் திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்து, 350 கெட்டுவிட்டதாக ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு இருக்கிறது. யாரோ வெயிலில் கிணறு கிணறாகப் போய் எண்ணியது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உங்கள் ஆயா பேச்சும் தரவுதான். தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்க்காரி:
கழிவுநீர்க்கார அண்ணா சொன்னதும் ஆயாவுக்குப் போன் போட்டேன், உப்பைப் பற்றிக் கேட்க. தாத்தா ஷாப்பில் வேலை பார்த்தது தெரியும். என்ன வேலை என்று இந்த 22 வயதுவரை நான் கேட்டதில்லை. தோலை ஊறப்போடும் முன் உப்பை உதறுகிற வேலையாம். கையெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது எரியுமாம். உதறிய உப்பை எங்கே கொட்டினார்கள் என்றேன். "நம்ம கெணத்துக்குக் கிழக்கால மேட்டுலதான், வேற எங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அண்ணா, அந்த மேட்டைச் சுற்றி எத்தனை கிணற்றில் தண்ணீர் எடுத்தால் சரியாக இருக்கும்?