ஸ்டென்சில் வேலைக்கு ஸ்பிரே பெயிண்ட் வாங்கிய அனுபவங்கள்: நான் பட்டது இது, நீங்களும் எழுதுங்கள்

மதுரையிலிருந்து, ஓவிய ஆசிரியை

பள்ளியில் ஓவியம் கற்பிப்பது போக, விடுமுறை நாள்களில் பலகையின்மேல் பழைய நாளிதழ், சேலைத் துண்டு, நூல் ஆகியவற்றை ஒட்டி, அவற்றுக்கு மேல் ஸ்டென்சில் (உருவத்தின் வடிவில் வெட்டிய அச்சுத் தகடு) வைத்து உருவங்களைப் பதிக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தொடக்கத்தில் ஸ்பிரே பெயிண்ட் வாங்குவதை மூடியின் நிறத்தைப் பார்த்து எடுக்கும் காரியமாகவே நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு ஜன்னல் படம்.

என் பாட்டி வீட்டு ஜன்னல் கம்பியின் பூவேலைப்பாட்டை ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் மூன்று நாள் உட்கார்ந்து வெட்டியிருந்தேன். பலகைக்குச் செங்காவி கலந்த சிவப்பு வேண்டும் என்று பெயிண்ட் கடையில் ஒரு கேன் வாங்கி அடித்தேன். மறுநாள் தொட்டுப் பார்த்தபோது கையில் ஒட்டவில்லை; காய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, கார் உதிரிபாகக் கடையில் வாங்கிய கறுப்பை ஸ்டென்சிலின்மேல் அடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கறுப்பு பட்ட இடமெல்லாம் சிவப்பு எழும்பி, ஆறிய பாலின்மேல் படியும் ஆடையைப் போலச் சுருங்கிவிட்டது. கடைக்காரர் கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் கோபப்பட்டேன்.

அந்தப் பலகையை எங்கள் தெரு முனையில் உள்ள டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பெயிண்டர் அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சிந்தெடிக் மேல லாக்கர் அடிச்சா தூக்கத்தானே செய்யும், டீச்சர்" என்றார். நான் வாங்கிய சிவப்பு, அவர் சிந்தெடிக் என்று சொன்ன ஆல்கைட் எனாமல். கறுப்பு அக்ரிலிக் லாக்கர். லாக்கர், அதிலுள்ள கரைப்பான் ஆவியாகப் பறந்ததும் காய்ந்துவிடும். எனாமலோ கரைப்பான் பறந்த பிறகும் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே இருக்கும். மேல்தோல் மட்டும் காய்ந்திருக்கும் அந்த இடைப்பட்ட நேரத்தில் லாக்கரின் கடுமையான கரைப்பான் உள்ளே இறங்கினால், அரைகுறையாக இறுகிய படலம் ஊதிப் பெருகி, பரவ இடமில்லாமல் சுருங்கிவிடுகிறது. எனாமல் கேன்கள் பலவற்றில் "ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட் அடிக்கவும், தவறினால் 24 மணி அல்லது 48 மணி நேரம் கழித்து அடிக்கவும்" என்று அச்சிட்டிருப்பதன் காரணமும் இதுவே. அந்தச் சிறிய எழுத்தை நான் அதுவரை படித்ததே இல்லை.

முன்பே அடித்து வைத்த பலகையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், ஒரு மூலையில் லாக்கரைக் கரைக்கும் என்.சி. தின்னர் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்க்கும் வழியையும் அவரே காட்டினார். லாக்கர் என்றால் எத்தனை நாள் ஆனாலும் கரைந்து நிறம் பஞ்சில் ஏறும். நன்கு இறுகிய எனாமல் அப்படிக் கரையாது, சில சமயம் மட்டும் ஊதிச் சுருங்கும்.

இப்போது ஒரு படத்துக்கு வேண்டிய எல்லா நிறங்களையும் ஒரே வகையில், கூடுமானவரை ஒரே தயாரிப்பில், பளபளப்பில்லாத மேட் பூச்சாக வாங்குகிறேன். ஸ்டென்சிலுக்கு லாக்கர் வகையே எனக்கு ஒத்துவருகிறது. சில நிமிடங்களில் ஷீட்டைத் தூக்கிவிடலாம், அன்று மாலையே மூன்றாவது அடுக்கையும் முடித்துவிடலாம். பளபளப்பான எனாமலில் ஷீட் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது ஓரத்தை இழுத்துவிடுகிறது; தவிர, அந்த வழுவழுப்பின்மேல் தூரிகையால் நீர்வழி அக்ரிலிக் தீட்டினால் பிடிக்காமல் திட்டுத் திட்டாக ஒதுங்குகிறது.

கோயம்புத்தூரிலிருந்து, வடிவமைப்பாளர்

டீச்சர், உங்களுக்கு அடுக்குகள் சண்டையிட்டன, எனக்கு ஓரங்கள். எத்தனை கவனமாக வெட்டினாலும் ஷீட்டின் அடியில் வண்ணம் புகுந்து, எழுத்துகள் மழையில் நனைந்த சுவரொட்டியைப் போல ஆகிவிடும். நான் கத்தியைக் குறை சொன்னேன், ஷீட்டைக் குறை சொன்னேன், கடைசியில்தான் கேனின் அழுத்தத்தை யோசித்தேன். வாகனங்களுக்கான கேன்கள் ஒரு கதவு முழுவதையும் விரைவில் மூடுவதற்காக அகலமாகவும் வேகமாகவும் பீய்ச்சுபவை; அதே வேகம் ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிவிட்டு உள்ளே புகுகிறது.

சுவரோவியக்காரர்களை மனத்தில் வைத்து 1994-ஆம் ஆண்டில் பார்சிலோனாவில் தொடங்கப்பட்ட மொன்டானா கலர்ஸ் நிறுவனத்தின் எம்.டி.என். 94 வகை குறைந்த அழுத்தத்தில் தெளிப்பது, மேட்டாகக் காய்வது. நண்பர் ஒருவரிடம் இருந்த கேனில் அதை அடித்துப் பார்த்தபோது, விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப வண்ணம் கூடுவதும் குறைவதும் எனக்குப் புதிய அனுபவமாக இருந்தது. ஆசை தாங்காமல் வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடம் நான்கு கேன்கள் வாங்கி வரச் சொன்னேன். தீப்பற்றக்கூடிய பெயிண்ட் கேன்களைப் பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது என்பது இருவருக்குமே தெரியவில்லை. விமான நிலையத்தில் நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஆகவே உள்ளூர்க் கேனையே பழக்கிக்கொண்டேன். கேனைச் சாய்க்காமல் ஷீட்டுக்கு நேர் எதிராக 20 முதல் 25 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, ஷீட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி பனிப்படலம் போல நான்கைந்து முறை வீசுகிறேன். முதல் இரண்டு வீச்சுகளில் அடித்தளம் தெரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும்; ஒரே வீச்சில் மூட நினைத்தால் வண்ணம் ஈரமாகத் தேங்கி அடியில் ஓடும். ஷீட்டின் பின்புறம் திரும்பத் திரும்ப ஒட்டி எடுக்கக்கூடிய பசையை லேசாகத் தெளித்து, சற்றுக் காயவிட்டுப் பிறகு வைக்கிறேன். அட்டையில் வெட்டிய ஸ்டென்சில் இரண்டாவது முறையே வண்ணத்தை உறிஞ்சி முறுக்கிக்கொள்கிறது. (எங்கள் ஊரில் தேர்தல் சின்னங்களைத் தகரத்தில் வெட்டிய அச்சை வைத்தே சுவரில் பதிப்பார்கள். தகரம் முறுக்காது, ஆனால் சொரசொரப்பான சுவரில் படிந்து உட்காராது. அந்தச் சின்னங்களின் ஓரம் எப்போதும் புகைந்தாற்போல் இருந்ததன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.)

சென்னையிலிருந்து, அடுக்குமாடிவாசி

என் தேர்வை முடிவு செய்தது வீடு. இரண்டு படுக்கையறை வீட்டின் பால்கனியில் லாக்கர் அடித்த அன்றே பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டிவிட்டார். அவர் பேரனுக்கு மூச்சிரைப்பு உண்டு. அவர் சொன்னது நியாயம் என்பதால் நீர்வழி ஸ்பிரேக்கு மாறினேன். ஓவியப் பொருள் நிறுவனங்கள் சில இதை விற்கின்றன. அதுவும் அக்ரிலிக் என்பதால், மேலும் கீழும் தூரிகையால் தீட்டும் அக்ரிலிக்குடன் தகராறு செய்வதில்லை. துணி, தாள், வண்ணம் எல்லாம் சேரும் கலப்பு ஊடக வேலைக்கு இது பெரிய சௌகரியம். விலை அதிகம், கேனின் மூக்கு அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, மெதுவாகக் காய்கிறது. வாடை குறைவு என்பதற்காக முகமூடியைக் கழற்றிவிடாதீர்கள். தூளாகப் பறக்கும் வண்ணம் இதிலும் உண்டு. லாக்கர், எனாமல் அடிப்பவர்கள் என்-95 முகமூடியை நம்பக் கூடாது. அது துகளைத் தடுக்குமே தவிரக் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி நிரப்பிய வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

நீர்வழிக்கு மாறியதில் எதிர்பாராத நன்மையும் ஒன்று கிடைத்தது. லேசர் ஜெராக்ஸ் எடுத்த படங்களை ஒட்டி அவற்றின்மேல் லாக்கர் அடித்தபோதெல்லாம், கரைப்பான் பட்டு ஜெராக்ஸின் கறுப்புத் தூளான டோனர் இளகி முகங்கள் கலங்கிவிட்டன. மார்க்கர் பேனாவால் எழுதிய வரிகளோ, மேலே வெள்ளை அடித்தாலும் ஊதா நிறமாகக் கசிந்து மேலே வந்தன. இப்போது அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் அடித்தவர்களுக்குக் கறுப்பின்மேல் சாம்பல் பூத்தது போன்ற வெண்மை தெரிந்திருக்கும். கரைப்பான் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதால் வருவது அது. மழை விட்ட, வெயில் உள்ள நாளில் லேசாக இன்னொரு முறை அடித்தபோது எனக்கு அது மறைந்தது.

டொராண்டோவிலிருந்து

இங்கே சிக்கல் நேர்மாறானது. குளிரில் கராஜில் வைத்த கேன் பீய்ச்சாமல் துப்புகிறது. உள்ளே திரவமாக இருக்கும் வாயு குளிரில் போதிய அழுத்தம் தருவதில்லை. வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் நிற்க வைத்துக் குலுக்குகிறேன். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் அருகில் கொண்டுபோவதே இல்லை. மதுரை வெயிலில் காருக்குள் கேனை விட்டுச் செல்பவர்கள், 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து, ஓவிய ஆசிரியை

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. டோனர் கலங்கும் செய்தி எனக்குப் புதிது. சென்ற மாதம் பாட்டியின் படம் ஏன் மங்கிற்று என்று இப்போது தெரிகிறது. நானும் ஒன்று சேர்க்கிறேன். மஞ்சள், ஒளிரும் ஆரஞ்சு போன்றவற்றைக் கறுத்த தளத்தில் நேரடியாக அடித்துக் கேனை வீணாக்காதீர்கள். கீழே வெள்ளை அடித்துவிட்டால் பாதி வண்ணம் போதும். ஒளிரும் நிறங்கள் வெயிலில் விரைவாக வெளுப்பதால், வாசலில் தொங்கும் படங்களுக்கு அவற்றைத் தொடுவதில்லை.

சுருங்கிய பலகையைச் சுரண்டித் தேய்த்து, மேட் லாக்கரிலேயே மறுபடி தொடங்கியிருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: பெவிகால் கொண்டு ஒட்டிய சேலைத் துண்டின்மேல் லாக்கர் அடித்தபோது இரண்டு இடங்களில் ஓரம் எழும்பிற்று. பெவிகாலுக்குப் பதில் அக்ரிலிக் மீடியத்தால் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் குழம்பால்) துணி ஒட்டியவர்கள் இருந்தால், எத்தனை நாள் காயவிட்டு மேலே அடித்தீர்கள் என்று எழுதுங்கள்.